முட்டைக்கோஸ் வயலில் பெண் வீட்டார் வெற்றி

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகர மறுக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். உன் சம்சாரத்தின் முதுகுவலி தேவலையா?

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு ஊரைச் சுத்திட்டு வாங்க அத்தான், மனசு ஒட்டிக்கும்" என்று சொன்னவன் நீ. ஒட்டவைக்க உனக்குக் கிடைத்த ஊரைப் பார். இங்கே ராஜாக்கள் போட்ட சண்டை நின்று எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, அதை வைத்து நடக்கும் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. முடிவெட்டும் கடைப் பலகையில் இரண்டு வாள், பல் டாக்டர் வாசலில் ஒரு பீரங்கி. விடுதி அறையில் கட்டிலுக்கு நேர் மேலே செத்துக்கொண்டிருக்கும் குதிரையின் படம். உன் அக்கா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தாள். ஜன்னல் வைத்த அறையைச் சம்பந்தி எடுத்துக்கொண்டார், வேனில் முன் சீட்டையும் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையைப் பெற்றவர் ஆயிற்றே, தலையாட்டினேன். நிச்சயம் ஆன நாளிலிருந்து மண்டபம், மாதம், பத்திரிகையின் நிறம் என்று எதற்குத்தான் நான் ஆட்டவில்லை? கழுத்துக்கே அது பழகிவிட்டது.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே போர்க்களத்தைப் பார்க்கப் போனோம். களம் என்று காட்டிய இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் முட்டைக்கோஸ், ராஜாவின் கூடாரம் இருந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை. வழிகாட்டி கழுத்தில் விசில் மாட்டிய மனிதர், வாயால் சொன்னால் யாருக்கும் புரிவதில்லையாம், அதனால் வந்தவர்களையே இரண்டு படையாக நிறுத்தி நடத்திக் காட்டுவாராம். பெண் வீட்டாரை மேற்கே நிறுத்தினார், மாப்பிள்ளை வீட்டாரைக் கிழக்கே வாய்க்கால் ஓரம் நிறுத்தினார், விசில் ஊதினார், நாங்கள் வரப்பில் நாலடி முன்னேறினோம், "இப்ப கிழக்குப் படை தோத்து ஓடுது, சார் கொஞ்சம் வாய்க்காலைத் தாண்டி ஓடுங்க" என்று சம்பந்தியைக் கேட்டுக்கொண்டார். சம்பந்தி அசையவில்லை.

"நாங்க மாப்பிள்ளை வீடு. பின்வாங்கற பழக்கம் கிடையாது."

"சரித்திரத்துல அப்படித்தான் சார் இருக்கு."

"சரித்திரம் கிடக்குது. சம்பந்தி, நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தலை தானாக ஆட ஆரம்பித்தது, பிடித்து நிறுத்தினேன். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் சம்பந்தி. இது நான் ஜெயிச்சது" என்றேன். உன் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுக்க, வயல்காரர் ஓடிவந்து "யாரு வேணா ஜெயிங்க, என் முட்டைக்கோஸை மிதிக்காம ஜெயிங்க" என்று கத்த, அவருடைய நாய் எங்களையெல்லாம் விட்டுவிட்டுச் சம்பந்தியிடம் போக, சம்பந்தி வாய்க்காலைத் தாண்டினார், அதாவது பாதி தாண்டினார். வழிகாட்டி பழக்கதோஷத்தில் "இதோ ஓடுறாங்க பாருங்க" என்று அறிவித்தார். நான் கைதட்டிவிட்டேன்.

சேற்றில் நின்றபடியே "இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று சொன்னவர்தான், விடுதிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை அமர்க்களத்திலும் மாப்பிள்ளைப் பையன் எங்கள் படைக்குள் வந்து என் பெண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காலமாக இருந்தால் தலையை எடுத்திருப்பார்கள். பெண் சாப்பிடவில்லை. இருந்தாலும் நான் இறங்கிப் போவதாக இல்லை. சம்பந்தம் பேசி முடித்தவன் நீ, நீயே வந்து அவரைத் "தோத்துட்டேன்" என்று சொல்லவை. சொன்னால் கல்யாணம், இல்லையென்றால் மண்டபத்தை ரத்து செய்துவிடு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், சரித்திரம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலையாட்டாத உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பெண் வந்தாள். "அப்பா, உண்மையில ஓடிப்போனது மேற்குப் படை. நான்தான் மாத்திச் சொல்லச் சொல்லி வழிகாட்டியைக் கெஞ்சினேன். நீங்க எல்லாத்துக்கும் தலையாட்டிட்டே இருக்கீங்கப்பா. ஒரு நாளாவது நீங்க ஜெயிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள். குடை பிடித்தவனும் இதில் கூட்டாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே போய்ச் சம்பந்தி கதவைத் தட்டி, "நான் கைதட்டல சம்பந்தி, கொசு அடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். "போகட்டும், இந்த ஊர்க் கொசு பெருசுதான்" என்றார். ஆகவே மண்டபம் அப்படியே இருக்கட்டும், நீ வரவும் வேண்டாம். ஒன்றே ஒன்று: உண்மையில் ஓடியது எந்தப் படை என்பது சம்பந்தி காதுக்குப் போகக் கூடாது. கல்யாணத்தில் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன், இந்தப் போரை மட்டும் தர மாட்டேன்.