கையில் கொடுக்கிற கம்பெனி

"இன்னைக்கு ஒரு முடிவு சொல்லியே ஆகோணுங்கப்பா" என்று அன்புச்செல்வி லேப்டாப்பைக் கொண்டுவந்து கல்லாமேஜை மேல் வைத்தாள். "சம்பளம் போடுறதுக்கு எந்தக் கம்பெனி? மூணுல ஒண்ணைச் சொல்லுங்க."

செங்கோடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"மொதக் கம்பெனி வேண்டாம் அம்மிணி. போன் பண்ணுனா ஒரு பொண்ணு வந்து, ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு உசுரை வாங்குது."

"ரெண்டாவது?"

"அவனுக்கு ஆபீசு பெங்களூருல. நம்மூரு வெயிலைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

"சம்பளத்துக்கும் வெயிலுக்கும் என்னங்கப்பா சம்பந்தம்?"

செங்கோடன் மூன்றாவது கம்பெனிக்கு ஒரு குறை தேடத் தொடங்கினார்.

சேந்தமங்கலம் சாலையில் செங்கோடன் மெஸ் எது என்று நாமக்கல் லாரிக்காரர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஓமலூரிலும் ஒரு கடை திறந்தாகிவிட்டது. ஆட்கள் பெருகிவிட்டார்கள். லீவைக் கழித்து, பி.எஃப். பிடித்து, சம்பளம் போட்டுத் தர ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம் என்று மகள் சொன்னது முழுக்க நியாயம். போன மாதம் செங்கோடன், பாத்திரம் கழுவுகிறவருக்கு இரண்டு தடவை சம்பளம் கொடுத்துவிட்டு, சப்ளையர் மாரிக்குக் கொடுக்கவே மறந்திருந்தார்.

மறதிக்குக் காரணம் வயதல்ல. சம்பள நாளில் அவருடைய கண் சமையற்கட்டு வாசலை விட்டு நகராது. அதுதான் காரணம்.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மயிலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி அந்த வாசல் வழியாக வருவார். வந்து எதிர் நாற்காலியில் உட்காருவார். மற்றவர்களுக்கெல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டாக எடுத்து நீட்டிவிடும் செங்கோடன், சமையல்கார மயிலம்மாளுக்கு மட்டும் பத்தும் இருபதுமாகக் கொடுப்பார். அதற்கென்றே பேங்கில் சொல்லிவைத்துக் கட்டு வாங்குவார். எண்ணி முடிக்க நேரமாக வேண்டுமே! மயிலம்மாளும் பாதியில் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் திருப்பூரில் இருக்கும் அவருடைய மகன், செங்கோடனின் சர்க்கரை, கொல்லிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும் மழை என்று எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. செங்கோடன் மனைவியை இழந்தவர். மயிலம்மாள் கணவரை இழந்தவர். மற்ற நாட்களில் ஒரு வார்த்தை கூடப் பேசினாலும் பார்க்கிறவர்கள் வாய் சும்மா இருக்காது. சம்பளம் கொடுப்பதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் செங்கோடன் மாதம் முழுவதையும் தள்ளிக்கொண்டிருந்தார். அதைத் தூக்கி ஒரு கம்பெனியிடம் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. இதைப் பெற்ற மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"வேலை செய்யிறவங்களை ஒரு வார்த்தை கேக்கோணுமில்ல அம்மிணி" என்று ஒரு போடு போட்டார். ஒருத்தராவது முகம் சுளிப்பார் என்று நம்பினார்.

அன்புச்செல்வி உடனே எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாள். "இனிமே ஒண்ணாந்தேதி விடியும்போதே சம்பளம் போன்ல வந்துரும். யாருக்காச்சும் சிரமங்களா?"

"ரொம்ப நல்லதுங்க அம்மிணி!" என்று முந்திக்கொண்டார் மாரி. "மொதலாளி மறந்தாலும் கம்பெனி மறக்காதுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடனின் முகம் தொங்கிப்போயிற்று. அப்போது பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, எனக்குப் போன்ல பேச மட்டும்தானுங்க தெரியும். அதுல பணம் வந்தா நான் எங்கீங்க போய்த் தேடுறது?"

மயிலம்மாள்தான். செங்கோடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மாரி, அடுப்புல கொழம்பு கொதிக்குது, ஓடிப் பாரு சாமி" என்று அவரை அனுப்பிவைத்தார் மயிலம்மாள்.

"அப்ப பேங்குல போட்டுருவோம். நீங்க போய் எடுத்துக்கங்க" என்றாள் அன்புச்செல்வி.

"பேங்குங்களா? அந்த ஏசிக்குள்ள காலை வெச்சாலே எனக்குத் தும்மல் வந்துருமுங்க."

"பாத்தியா!" செங்கோடன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இவங்களை மாதிரி ஆளுகளை உட்டுப்போட்டு என்ன கம்பெனி? பணமாக் கையில கொண்டாந்து குடுக்கிற கம்பெனி இருந்தாச் சொல்லு. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

அப்படியொரு கம்பெனி பூமியிலேயே இருக்காது என்கிற தைரியத்தில் சொன்ன பேச்சு அது. அன்புச்செல்வி அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

"நாமக்கல்லயே இருக்குதுங்கப்பா. போன்ல வேணுங்கிறவங்களுக்குப் போன்ல போட்டுருவாங்க. கையில வேணுங்கிறவங்களுக்குக் கவர்ல போட்டு அவங்க ஆளே கொண்டாந்து குடுத்துருவாங்க. நீங்க எந்திரிக்கவே வேண்டாம்."

"நான் எந்திரிக்கவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை என்றார். மகள் வேறு பேனா கொடுத்தாள். அது நன்றாகவே எழுதித் தொலைத்தது.

ஒன்றாம் தேதி விடிந்ததும் மற்ற எல்லோர் போனிலும் சம்பளம் வந்திறங்கியது. மதியம், தேய்த்த சட்டையும் செண்டு வாசனையுமாகக் கம்பெனி ஆள் ஈஸ்வர் வந்திறங்கினார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கவர். ஓரத்து மேஜையில் அவர் உட்கார, எதிரில் மயிலம்மாள் உட்கார்ந்தார்.

செங்கோடன் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு, மூன்று புரோட்டா சாப்பிட்ட டிரைவரிடம் முப்பது புரோட்டாவுக்குக் காசு கேட்டார்.

"ஏனுங்க, நான் தின்னதுக்குக் கேக்கறீங்களா, என்ர லாரியும் சேர்ந்து தின்னுச்சுங்களா?" என்றார் டிரைவர்.

ஓரத்து மேஜையில் மயிலம்மாள் எண்ணி முடித்தார். "குறையுதுங்க தம்பி."

ஈஸ்வர் வாங்கி எண்ணினார். "சரியா இருக்குதுங்கம்மா."

மயிலம்மாள் மறுபடி எண்ணினார். "இப்பக் கூடுதுங்களே."

"எப்படிங்கம்மா கூடும்?"

"அதை நீங்கதான் சொல்லோணும். படிச்சவங்க."

ஈஸ்வர் ஒவ்வொரு நோட்டாக மேஜையில் வைத்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். பாதி எண்ணும்போது மயிலம்மாள், "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்கம்மா" என்ற ஈஸ்வர், எண்ணிக்கையைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார். தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் ஓமலூர்க் கடையிலிருந்த அன்புச்செல்விக்கே போன் போட்டார். "மேடம், ஒரு கவர்தானுங்க. பொழுதுக்கும் முடியாது போலிருக்குதுங்க."

அன்புச்செல்வி அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். "அப்பா, கணக்கைக் கம்பெனியே போடட்டும். மயிலம்மாளுக்கு மட்டும் பணத்தை நீங்களே எண்ணிக் குடுத்துருங்க."

"மாசாமாசமா?"

"ஆமாங்கப்பா. சிரமந்தான்."

"சிரமந்தான்" என்று செங்கோடன் பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது, பாத்துக்கறேன்."

ஈஸ்வரைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு, ஓரத்து மேஜைக்குப் போனார். நோட்டை எண்ணி நீட்டினார். மயிலம்மாள் வாங்கி ஒரே தடவை எண்ணினார். "சரியா இருக்குதுங்க" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. "சர்க்கரை எப்படிங்க இருக்குது?" என்றார். செங்கோடன் சொல்லத் தொடங்கினார். சாயந்திரக் கூட்டம் வந்து நாற்காலியை இழுக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். இப்படியொரு நிறைவை அவர் பல வருடங்களாக அறிந்ததில்லை.

மயிலம்மாள் உள்ளே போன பிறகும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை. எல்லோர் மேலும் இரக்கம் சுரந்தது. மேஜை துடைத்துக்கொண்டிருந்த மாரியைக் கூப்பிட்டார்.

"பாவம் மாரி, அந்தம்மா. ஊரே போன்ல பணம் அனுப்புது, அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. பக்கத்து ஊடுதான நீ? நீயாச்சும் சொல்லிக் குடுத்திருக்கலாமில்ல?"

மாரி துடைப்பதை நிறுத்திவிட்டு முதலாளியை விநோதமாகப் பார்த்தார்.

"நானுங்களா? நல்லாக் கேட்டீங்க மொதலாளி! எங்க தெருவுக்கே போன்ல பணம் அனுப்பச் சொல்லிக் குடுத்ததே மயிலக்காதானுங்க!"