பூவராகவனின் இரண்டு ஸீட் கார்

கார் வாங்குகிறவர்கள் உண்டு. காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்தில் குடியிருந்த அப்பர் டிவிஷன் கிளார்க் பூவராகவன், எழுபத்தெட்டாம் வருஷம், கார் கட்டுவது என்று தீர்மானித்தார். வீடு கட்டுகிற மாதிரி. அஸ்திவாரத்திலிருந்து.

"ஸ்போர்ட்ஸ் கார், வேணி! ரெண்டே ஸீட். எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு."

அம்சவேணி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வெள்ளிக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலுக்குப் போறப்ப பக்கத்து வீட்டு காமாக்ஷியும் மாடி வீட்டுப் பொன்னம்மாளும் கூட வருவாங்களே. அவங்க?"

"சவாரி சேர்த்து ஏத்துற பட்பட்டியில வரட்டும். இல்லேன்னா பஸ்ல."

"அந்த பஸ்ல போய்ப் பாருங்க. போன வாரம் இறங்குறப்ப என் கையில இன்னொருத்தி குடை இருந்தது. பின்னாடி ஒரு ஸீட் போட்டாத்தான் என்ன?"

"பின் ஸீட் போட்டா அது ஸ்போர்ட்ஸ் கார் இல்ல. குடும்பக் கார்."

"நாம குடும்பம்தானே?"

"நான் முடிவு பண்ணியாச்சு!" என்றார் பூவராகவன். அந்த வீட்டில் அவர் இப்படிச் சொன்னது அதுதான் இரண்டாவது முறை. முதல் முறை சொன்னது வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று. வீடு இப்போது அம்சவேணி சொன்ன பச்சையில் இருக்கிறது.

பின்முற்றத்தில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சட்டம் உருவாயிற்று. கழித்துக்கட்டிய ஆபீஸ் அம்பாஸடர் ஒன்றின் எஞ்சினும் கியர் பெட்டியும் ஏலத்தில் கிடைத்து முன்னால் வந்து உட்கார்ந்தன. துணி உலர்த்தும் கொடி மூன்று முறை இடம் மாறியது. இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் போனபின், எஞ்சின் முன்னால் இருந்தது, சக்கரம் பின்னால் இருந்தது, நடுவில் காற்று இருந்தது.

"இன்னும் ரெண்டே சாமான்தான் பாக்கி. டிஃபரன்ஷியல், ஷாஃப்ட்" என்றார் பூவராகவன்.

"அப்படின்னா?"

"எஞ்சின் சுத்துறதைப் பின்னாடி கொண்டுபோற நீளக் குழாய், ஷாஃப்ட். அதை வாங்கி ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிற பூசணிக்காய், டிஃபரன்ஷியல். திருப்பத்துல ஒரு சக்கரம் வேகமா ஓடணும், இன்னொண்ணு மெதுவா ஓடணும். ரெண்டும் சண்டை போடாம சமாதானம் பண்ணிவைக்கும்."

"அப்போ நம்ம வீட்டுல அது நான்தான்."

அடுத்த ஞாயிறு பூவராகவன் பழைய வண்டிச் சாமான் விற்கிற மோரி கேட்டுக்குப் போய், ஒரு பழைய ஜீப்பின் டிஃபரன்ஷியலை ஆட்டோவில் குழந்தை போல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மடியில் ஒரு வாரம் உணர்ச்சி இல்லை.

பக்கத்து வீட்டு ஜோதிலிங்கம் வந்து பார்த்தார். ராணுவத்தின் வண்டிப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த சுபேதார். காமாக்ஷியின் கணவர். பூசணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"எப்படி இருக்கு சுபேதார் சார்?"

"நல்ல சாமான். உங்க காருக்குத்தான் ஆகாது."

"ஏன்?"

"இதோட மூக்கு பாருங்க, வலது பக்கமா ஒதுங்கி இருக்கு. ஜீப்புல அப்படித்தான். உங்க கியர் பெட்டியோட வாய் நட்டநடுவுல. ரெண்டையும் ஷாஃப்ட் போட்டுச் சேர்த்தா கோணலா ஓடும்."

"கோணல்தானே? கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

"இருங்க. இதோட பல்லும் மலை ஏறுற பல்லு. எஞ்சின் அஞ்சு சுத்துக்கு மேல சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து. சிம்லாவுக்கு ஏறும். சீறிப் பாயாது."

"ஸ்போர்ட்ஸ் கார் சார்!"

"அதான். சைக்கிள்காரன் மணியடிச்சு ஓரம்போகச் சொல்லுவான்."

பூவராகவன் அப்படியே ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் முகம் அப்படித் தொங்கி அம்சவேணி பார்த்ததில்லை. காபி கொண்டுவந்தவள் தம்ளரை அவர் கையில் திணித்தாள். பிறகு சுபேதாரிடம் கேட்டாள்.

"அண்ணே, எது சேரும்?"

"எந்த வண்டியோட கியர் பெட்டியோ, அதே வண்டியோட டிஃபரன்ஷியல், அதே வண்டியோட ஷாஃப்ட். தட்டுல இருக்கிற நாலு ஓட்டையும் தானாப் பொருந்தும். பிறவி ஜோடிம்மா."

"அந்த ஷாஃப்ட் எவ்வளவு நீளம்?"

சுபேதார் சொன்னார். அம்சவேணி தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துவந்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள்.

"வண்டியை ஜாக்கியில தொங்கவிட்டுட்டு அளக்காதீங்க. நிக்கிற ஆளுக்குத்தான் அளவெடுக்கணும்."

"கரெக்ட்!" என்றார் சுபேதார். "பாரம் உக்காந்தாத்தான் நெசமான அளவு."

சட்டம் சக்கரத்தில் நின்றது. அளந்தாள். "நம்ம வண்டி ஒன்றரை அடி குட்டை."

"ப்பூ!" என்றார் பூவராகவன். "ஷாஃப்ட்டை ஒன்றரை அடி வெட்டி ஒட்டிட்டாப் போச்சு."

அம்சவேணி சுபேதார் பக்கம் முறுக்குத் தட்டை நகர்த்தினாள். அவ்வளவுதான்.

சுபேதார் ஒரு முறுக்கைக் கடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். "வெட்டின ஷாஃப்ட்டா? வேண்டாம் சார். நாற்பது மைல் வேகம் தாண்டினா துள்ளும். எழுபத்தொண்ணுல ஒருத்தன் கேக்காம ஓட்டினான்." நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?"

"பல்லு செட்டு வெச்சிருக்கான். ஷாஃப்ட்டை வெட்டாதீங்க. சட்டத்தை நீட்டுங்க."

பல் போகும் என்ற பிறகு யார் வாதாடுவார்கள்? ஜீப் பூசணி மோரி கேட்டுக்கே திரும்பிப் போயிற்று. அம்பாஸடர் டிஃபரன்ஷியலும் ஷாஃப்ட்டும் ஜோடியாக வந்து இறங்கின. மூன்று ஞாயிறுகள் பூவராகவன் இரும்பை அறுத்துச் சட்டத்தை ஒன்றரை அடி நீட்டினார். அம்சவேணி வண்டிக்கடியில் டார்ச் பிடித்தாள். நாலு ஓட்டையும் நாலு போல்ட்டும் சத்தமில்லாமல் சேர்ந்தபோது இரண்டு பேரும் கிரீஸ் கையோடு கைகுலுக்கிக்கொண்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுபேதார் கத்தினார். "ஷாஃப்ட் ஆச்சா?"

"ஆச்சு சார், எலுமிச்சை சாதம்!" என்று கத்தினார் பூவராகவன். சந்தோஷத்தில் காது சரியாகக் கேட்கவில்லை.

தகரத்தில் உடம்பும் வந்து சேர்ந்தது. வெள்ளோட்டம் ஒரு வெள்ளிக்கிழமை, அரசாங்க விடுமுறை. காலையில் கடைசியாக இரண்டு போல்ட் வாங்க மோரி கேட்டுக்கு ஓடினார் பூவராகவன். போல்ட் கடைக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. வாசலில் வரிசையாகப் பதினைந்து ஷாஃப்ட்டுகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் புது வெல்டிங்.

"இதெல்லாம் என்ன, சர்தார்ஜி?"

"வெட்டி ஒட்டினது ஜீ. மிஷின்ல சுத்தவிட்டு பேலன்ஸ் பண்ணிடுவோம். எண்பது மைல்ல போனாலும் மடியில வெச்ச லஸ்ஸி சிந்தாது. உங்க மதராஸி ஆளு ஜோதிலிங்கம் சுபேதார் சாப் தெரியுமா? பட்டறையில இருந்தப்போ எங்ககிட்ட எத்தனை வெட்டியிருப்பாரு!"

பூவராகவன் வீடு வந்து சேர்வதற்குள் ஆறு வசனம் தயார் செய்துவிட்டார். ஒவ்வொன்றும் அனல். பின்முற்றத்துக் கதவை உதைக்காத குறையாகத் திறந்தார்.

சட்டத்தை நீட்டியதில் இரண்டு ஸீட்டுக்கும் பின்னால் விழுந்த ஒன்றரை அடி இடைவெளியில், ஹால் சோபாவின் மெத்தை அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. மெத்தையின் மேல் அம்சவேணி, காமாக்ஷி, பொன்னம்மாள். மூவர் மடியிலும் அர்ச்சனைக் கூடை.

"வேணி! அந்த ஷாஃப்ட்டை வெட்டியிருக்கலாம்! நீயும் சுபேதாரும்..."

"தெரியுங்க" என்றாள் அம்சவேணி. இறங்கி வந்தாள். முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "உங்க கையால செஞ்ச வண்டி. ரெண்டு வருஷமா இவங்க ரெண்டு பேர்கிட்டயும் எவ்வளவு பெருமை அடிச்சிருப்பேன்! இவங்க ஏறாம நான் மட்டும் எப்படிங்க ஏறுறது?"

ஆறு வசனத்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை பூவராகவனுக்கு.

"சரி, நீயாவது முன்னாடி வந்து உக்காரேன்."

"இருக்கட்டுங்க. பின்னாடிதான் மெத்து மெத்துன்னு இருக்கு."

பக்கத்து ஸீட் காலியாக, பூவராகவன் கிளப்பினார். வண்டி பட்பட்பட்டென்று உறுமிக்கொண்டு தெருவுக்கு வந்தது. துள்ளவில்லை. கோணவில்லை. ரிங் ரோடில் காற்று முகத்தில் அடித்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஸ்போர்ட்ஸ் கார்தான், சந்தேகமில்லை. பின்னால் மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த தடித்த ஆசாமி ஒருவர் வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டார். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த சவாரிகளைப் பார்த்தார். அவசரமாக வந்து காலி ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆர்.கே.புரம், செக்டார் செவன்?"

இது ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப் பூவராகவன் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து அம்சவேணியின் குரல் வந்தது. "ஹாங் ஜீ, பைட்டியே, பைட்டியே! அங்கதான் போறோம்."

ஆசாமி சாய்ந்து உட்கார்ந்து பூவராகவனின் தோளில் தட்டினார்.

"பையா, ஜரா ஜல்தி!"