மீன் தொட்டியில் முளைத்த சம்பா

தண்ணீரைக் கட்டி நிறுத்துவது எனக்குப் பிறவியிலேயே வந்த வித்தை என்று நாற்பத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் மூன்று ஏக்கரில் வருஷா வருஷம் வரப்புப் போட்டுத் தண்ணீர் கட்டுகிறவனுக்கு, நாலு கண்ணாடிக்குள் தண்ணீரை நிறுத்துவது ஒரு வேலையா? மீன் தொட்டி என்பது கூடத்துக்குள் இருக்கும் ஒரு குட்டி வயல். வரப்பு மட்டும் கண்ணாடி. இதுதான் என் ஆராய்ச்சி முடிவு. (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.)

மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. என் மனைவி மலர்விழியிடம் காட்டினேன்.

"பிரஷர் குறையணும்னா அந்த போனைக் கீழ வைங்க, போதும்" என்றாள்.

மறுவாரமே தஞ்சாவூரில் ஒரு பேங்க் ஆபீசர் மாற்றலாகிப் போகிறார், ஐந்தடித் தொட்டியைக் கொடுத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. மலரின் தம்பி செல்வத்தைக் கூட்டிக்கொண்டு, குட்டியானை வண்டி பிடித்துப் போனேன். ஆபீசர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார்.

"பின்பக்கம் கீழ் மூலையில லேசா கசியுது சார். பழைய சிலிக்கானை பிளேடால முழுசா சுரண்டி எடுத்துடுங்க. அப்புறம் உள்பக்கமா புதுசா போட்டு, மூணு நாள் காயவிடுங்க. வெளியில வச்சுத் தண்ணி ஊத்திப் பாத்துட்டு வீட்டுக்குள்ள கொண்டு போங்க. தண்ணி ஊத்தி ஒரு வாரம் கழிச்சுதான் மீன் விடணும்."

நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் காதில் வாங்கியது மீன் சமாச்சாரம் மட்டும்தான்.

வண்டியில் வைக்கோல் பரப்பித் தொட்டியை ஏற்றி, தூசி படாமல் இருக்க என் வெள்ளை வேட்டியால் மூடிக் கட்டினோம். வழியில் எல்லோரும் வழிவிட்டார்கள். பைக்கில் வந்த ஒருவர் ஓரங்கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டெல்டா மக்களின் மரியாதையே தனி என்று நினைத்துக்கொண்டேன். மன்னார்குடி தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது, பெஞ்சில் இருந்த பெரியவர் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தாங்க" என்றேன், பெருமையாக.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேங்க. அவளுக்குத்தான் அவ்வளவா இஷ்டமில்ல."

வண்டி கிளம்பியதும் செல்வம் சொன்னான்: "அத்தான், அவரு சாவு வீட்டு ஐஸ் பெட்டின்னு நெனச்சுட்டாரு. வழியெல்லாம் கும்பிட்டாங்களே, உங்களுக்குன்னா நெனச்சீங்க?"

வீடு வந்தது. இனி சிலிக்கான். பழையதைச் சுரண்டச் சொன்னாரே என்று பிளேடை எடுத்தேன். இரண்டு அங்குலம் சுரண்டுவதற்குள் விரல் வெட்டிக்கொண்டது. அப்போதுதான் உள்ளே இருந்த விவசாயி விழித்தான். எவனாவது பழைய வரப்பைப் பெயர்த்துவிட்டா புது வரப்புப் போடுகிறான்? மேலே சேற்றை அள்ளி அணைத்துவிட்டால் முடிந்தது. ஒரு முழு டியூபைப் பழசின் மேலேயே அப்பி, கட்டைவிரலால் இழுத்துவிட்டேன். வீடெல்லாம் புளித்த காடி நாற்றம். மறுநாள் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று தீர்ப்பு வழங்கி, கூடத்தில் ஸ்டாண்டின் மேல் ஏற்றி, ஓஸ் போட்டு நிரப்பினேன்.

தொட்டிக்குப் பின்னால் சுவரோரமாக இரண்டு சாக்கு விதைநெல் படுக்கப் போட்டிருந்தது. சம்பாவுக்கு எங்களிடம் இருந்த மொத்த விதையும் அதுதான். கொல்லைக் கொட்டகையில் எலி என்று மலர்தான் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"என்னங்க, மொதல்ல மூட்டையை நகத்திடுங்க."

"ஒரு சொட்டு விழாது மலரு. விழுந்துச்சுன்னா என்னை ஏன்னு கேளு."

விழவில்லை. தரை பளிச்சென்று காய்ந்து கிடந்தது. நீர்மட்டம் மட்டும் தினமும் இறங்கியது. "வெயில் இழுக்குது" என்று நானும் தினமும் அரைக் குடம் ஊற்றினேன். மூன்று நாள். கூடத்துக்குள் எங்கே வெயில் என்று யாரும் கேட்கவில்லை. (நானும் கேட்டுக்கொள்ளவில்லை.)

நாலாம் நாள் காலையில் பெருக்க வந்த மலர், மூட்டையைத் தொட்டதும் கையை உதறினாள்.

"சாக்கு கொதிக்குதுங்க!"

கசிந்த தண்ணீர் அவ்வளவையும் தரைக்கு விடாமல் சாக்கு குடித்திருந்தது. சணல் இழைக்கு இழை வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. நாற்றங்காலுக்கு நெல்லை ஊறவைத்து, முளைவிடச் சாக்கில் மூட்டங்கட்டுவோமே, அதே வேலையைத் தொட்டி முறைப்படி செய்து முடித்திருந்தது. ஆனால் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. முளைத்த நெல்லை உடனே தெளிக்காவிட்டால் மாட்டுக்குத்தான் போடவேண்டும்.

தொட்டியிலேயே தெளித்துவிடலாமா என்றுகூடக் கேட்டேன். வேர்த்துக் கொட்டியது. (மீன் பார்க்காமலே பிரஷர் என்னவோ ஆகிவிட்டது.) மலர் தொட்டி மூலையில் விரலை விட்டு இழுத்தாள். நான் அப்பிய சிலிக்கான் முழுசாக, ஒரே பட்டையாக, பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது.

"நண்டு வளையைத் தோண்டி அடைக்காம மேலாப்புல சேறு பூசினா வரப்பு நிக்குமா? இது எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வயலும் தெரியல, தொட்டியும் தெரியல. போங்க, போயி கலியபெருமாள் அண்ணன்கிட்ட தண்ணி கேளுங்க."

கலியபெருமாள் என் பங்காளி, பக்கத்து வயல்காரர். போர்வெல் வைத்திருப்பவர் அவர் ஒருத்தர்தான். என் வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டார் என்று பொங்கலிலிருந்து அவருடன் எனக்குப் பேச்சு கிடையாது. போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நேராக என் வீட்டுக்கு வந்து சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"மொள ஒரே சீரா இருக்கேடா. எதுல ஊறப்போட்ட?"

"மீன் தொட்டியிலண்ணே."

பொங்கலிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மத்தியானமே மோட்டாரைப் போட்டுவிட்டார். நான் சேறடித்துப் பரம்பு ஓட்டிச் சமன் செய்தேன்; மறுநாள் காலையில் மலரும் நானும் தெளித்தோம். அந்த வருஷம் ஊரிலேயே முதல் நாற்றங்கால் எங்களுடையது. நாற்று நன்றாகவே வந்தது.

ஒவ்வொரு வருஷமும் மேட்டூர் திறந்த செய்தி வந்ததும் செல்வம் போன் செய்வான். "அத்தான், தொட்டி நெரப்பியாச்சா?" கலியபெருமாள் அண்ணன் தன் பங்குக்கு, ஊர்க்கூட்டத்தில் விதைநேர்த்திப் பேச்சு வந்தால் என்னைத்தான் கை காட்டுவார். வெட்டிய வரப்பைப் பற்றி அதன் பிறகு நான் வாய் திறந்ததில்லை.

தொட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. மேலே ஒரு பலகை போட்டு மூடியிருக்கிறோம். உள்ளே விதைநெல். எலி ஏறவில்லை. மீன் இதுவரை ஒன்றுகூட வாங்கவில்லை.