கிண்ணத்தாரின் பச்சைக் கயிறு

டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார் கிண்ணத்தார். படிக்கட்டு முழுக்க விளையாட்டுக் காலணிகள். அவற்றின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அடிபட்டது தலையில்.

கம்பத்தில் மோதிய தலை, முழங்கையில் மோதிய தலை, இன்னொரு தலையில் மோதிய தலை, எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். தலைமேல் வெண்கலக் கிண்ணத்தை வைத்துக் கோலால் ஒரு தட்டு. ஓசை நீண்டால் அதிர்ச்சி உள்ளே இருக்கிறது. சட்டென்று நின்றால் வெளியேறிவிட்டது. உடனே மணிக்கட்டில் பச்சைக் கயிறு. கயிறு கட்டியவர் மறுநாளே களத்தில் இறங்கலாம். இவ்வளவு எளிய விஷயத்தை மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள், பாவம்.

என் மகள் கோல்கீப்பர். ஒரு பந்தைக் கையால் தடுத்தாள், கம்பத்தைத் தலையால் தடுத்தாள். அதன் பிறகு அவளுக்கு வெளிச்சம் ஆகவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் நகர்ந்தன. தலைவலி முழுக்கப் போகும்வரை ஆட்டம் கூடாது, பிறகும் படிப்படியாகத்தான் என்றார் மருத்துவர். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் சொன்னார். அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒருவராக எனக்கு விருப்பமில்லை.

வந்தார் பயிற்சியாளர். சனிக்கிழமை இறுதிப் போட்டி.

"டாக்டருங்க பயப்படத்தான் செய்வாங்க சார். கிண்ணத்தார் கயிறு கட்டிட்டா நான் இறக்கிடுவேன்."

"கயிறு கம்பத்தைத் தடுக்குமா?"

"நம்பிக்கை வேணும் சார்."

அவர் போனதும் மகள் தொடங்கினாள். "எல்லாரும் போறாங்கப்பா. எனக்கு மட்டும் ஏன் கூடாது?"

நான் லிஃப்ட் நிறுவனத்தில் பொறியாளன். புது லிஃப்டில் ஆளை ஏற்றும் முன் எடைக்கற்களை ஏற்றிப் பார்ப்போம். கல் தப்பினால்தான் மனிதர்.

"போலாம். ஆனா முதல்ல உன் தலை வேண்டாம். வேற ஒண்ண வெச்சுப் பாப்போம். அது உன் தலை இல்லைன்னு அவர் கண்டுபிடிச்சிட்டா நீ ஆடு. இல்லைன்னா டாக்டர் சொல்றவரைக்கும் உக்காரணும். முணுமுணுக்கக் கூடாது."

"முணுமுணுப்பேன்."

"சரி, மெதுவா."

"வேற ஒண்ணுன்னா?"

"பந்து."

சிரித்தாள். சிரிக்கும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

கிண்ணத்தார் வீட்டு விதிகள் நமக்கு மிகவும் வசதியானவை. நோயாளியைக் கறுப்புத் துணியால் பெற்றவரே மூட வேண்டும். நோயாளி வாய் திறக்கக் கூடாது. மணி அடித்ததும் கூடத்தில் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். திறந்தால் அதிர்ச்சி அவர்கள் தலைக்குத் தாவிவிடுமாம். கிண்ணத்தாரும் கண்ணை மூடியபடிதான் வருவார், உதவியாளர் தோளைப் பிடித்துக்கொண்டு. அந்த உதவியாளரும் வாசல் தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்கிறார். அவருக்கும் தலை ஒன்றுதானே.

நாங்கள் போய்க் கூடத்தில் உட்கார்ந்ததும் மணி அடித்தது. எங்கள் இருவரைத் தவிர கூடமே இருண்டது, அவரவர் இமைக்குள். மகள் எழுந்து சுவரோரம் நின்றாள். நாற்காலியில் அவள் பையை நிறுத்தி, அதற்கு அவள் மேற்சட்டையை மாட்டி, மேலே பந்தை அழுத்தி வைத்து, துணியால் மூடினேன். பெற்ற கையால்தான்.

கிண்ணம் பந்தின்மேல் அமர்ந்தது. கோல் பட்டது. ஓசை நீண்டது.

"இடப்பக்கம் ஆழமா இறங்கியிருக்கு," என்றார் கிண்ணத்தார். "பொண்ணு ராத்திரி தூங்கறதில்ல. சரியா?"

"இதுவரைக்கும் தூங்கி நான் பாத்ததில்லீங்க," என்றேன்.

கூடத்தில் பெருமூச்சுகள். இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டு. அப்போது அவருடைய சுண்டுவிரல் மெல்ல வந்து கிண்ணத்தின் விளிம்பில் படுத்தது. ஓசை செத்தது.

"போயிடுச்சு. இவ்வளவு அடக்கமான பிள்ளையை நான் பாத்ததே இல்ல. சனிக்கிழமை தாராளமா ஆடட்டும். கையக் குடும்மா."

கை வரவில்லை.

"கூச்சப்படாதம்மா." துணிக்குள் துழாவினார். ஒரு சட்டைக்கை கிடைத்தது. அதற்குள் மேலும் துழாவினார். கண்ணைத் திறந்தார்.

நான் துணியை இழுத்தேன். பந்து உருண்டு முன்வரிசை அம்மாள் ஒருவரின் மடியில் விழுந்தது. கூடமே கண் திறந்தது.

"அதான் பாத்தேன்," என்றார் கிண்ணத்தார். கொஞ்சமும் அசரவில்லை. "அந்தப் பொண்ணு தலையில பட்ட பந்துதான இது? அதிர்ச்சி இதுக்குள்ள வந்துடுச்சு."

பல தலைகள் ஆமாம் என்று ஆடின.

"அவ மேல பட்டது கம்பம். இந்தப் பந்த வர்ற வழியிலதான் வாங்கினேன். இன்னும் யாரும் உதைக்கல," என்றேன். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன். ஓசை நீண்டது. சுண்டுவிரலை வைத்தேன். நின்றது. "என் கைக்கும் குணமாயிடுச்சு. கயிறு உண்டா?"

கிண்ணத்தார் தண்ணீர் கேட்டு உள்ளே போனார். அவர் திரும்பி வரவில்லை. தன் அணியோடு வந்து வாசலில் நின்ற பயிற்சியாளர், அதில் பச்சைக் கயிறு கட்டியிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சார், நாளைக்கு இவங்களையெல்லாம் டாக்டர்கிட்ட..." என்றார் என்னிடம்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போங்க," என்றேன்.

மகள் படியிறங்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் கண்ணில் படாமல் முன்னால் நடந்தேன். முணுமுணுத்தாள், மெதுவாக.

பின்னாலேயே முன்வரிசை அம்மாள் தன் மகனோடு இறங்கி வந்தார்.

"பந்துக்கே குணமாக்கறவரு," என்றார் அவனிடம், "மனுஷனுக்குப் பண்ண மாட்டாரா?"

அடிபட்ட தலைகளுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். அடிபடாத தலைகள் வேலைக்குப் போகலாம். எந்த மருத்துவரும் தடை சொல்லவில்லை.