ரூஃபஸ் தோற்க வேண்டும்

வெர்னா தரையில் போட்ட மூன்றாவது சாஸேஜையும் ரூஃபஸ் தொடவில்லை. மழைநாளில் சேற்றைத் தாண்டுகிறவர்கள்போல அதைத் தாண்டி வந்து, அவள் காலருகே உட்கார்ந்து, அடுத்து என்ன என்பதுபோல முகத்தைப் பார்த்தது.

"தின்னு சனியனே," என்றாள் வெர்னா, கெஞ்சும் குரலில்.

ரூஃபஸ் அவளுடைய நாய் அல்ல. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குத் துணைநாய் பழக்கித் தரும் ஓர் அறக்கட்டளையின் நாய். அதற்காக ஊரில் சிலர் கேக் சுட்டு விற்றார்கள், சிலர் பழைய போர்வைகளைக் கொடுத்தார்கள். வெர்னா ஒரு குட்டியை வளர்த்துத் தர ஒப்புக்கொண்டாள். வளர்ந்த பிறகு அதற்கு ஒரு தேர்வு உண்டு. தேறினால் எங்கோ இருக்கும் ஒரு வீரருக்குப் போய்விடும். தோற்றால், வளர்த்த வீட்டுக்கே திரும்பிவிடும்.

ஆகவே, ரூஃபஸ் தோற்றே ஆக வேண்டும்.

அவள் மகன் ட்ரென்ட் ராணுவத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. வந்த அன்று வீட்டுக்குள் நடைபாதைக் கோடியிலிருக்கும் அறைக்குள் போனவன்தான். சாப்பாட்டுத் தட்டை வெளியே வைத்துவிடச் சொல்வான். அவள் தட்டினால் அந்தக் கதவு திறக்காது. ரூஃபஸ் மூக்கால் இடித்தால் திறக்கும். திறக்கும் அந்த ஒரு நொடியில் அவளுக்கு மகனின் தாடியும் ஒரு தோளும் தெரியும். அதற்காகவே அவள் நடைபாதையில் துணி மடிப்பதுபோல நின்றுகொண்டிருப்பாள்.

"நீயே உனக்கு ஒரு நாய் கேளேன்டா," என்று ஒருமுறை கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"கை கால் போனவங்க வரிசையில நிக்கிறாங்கம்மா. எனக்கென்ன கேடு?" என்றது கதவு.

சாஸேஜ் பலிக்காததால் வெர்னா பாத்திரங்களுக்கு மாறினாள். சத்தத்துக்கு மிரளும் நாயை யாரும் தேறவிட மாட்டார்கள். தினமும் மாலையில் ரூஃபஸின் முதுகுக்குப் பின்னால் நின்று பெரிய வாணலியைக் கீழே போட்டாள். முதல்நாள் அது காதை மட்டும் அசைத்தது. இரண்டாம் நாள் எழுந்து வந்து, பாவம் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

"அம்மா, அங்க என்ன உருளுது?"

"கை நழுவிடுச்சுப்பா."

"தினமுமா?"

"வயசாகுதுல்ல."

வாணலியின் கைப்பிடி உடைந்ததுதான் மிச்சம்.

அடுத்ததாக, பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கி வந்தாள். துரத்தும் என்று நம்பினாள். பூனை ஒரு மணி நேரம் சீறிப் பார்த்தது, பிறகு ரூஃபஸின் வயிற்றோரம் சுருண்டு தூங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டால், மறுநாள் தானாகவே வந்து கதவைப் பிராண்டியது. பக்கத்து வீட்டுக்காரி வெர்னாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. வெர்னா ஓட்டுவது பள்ளிப் பேருந்து. விடிவதற்குள் வண்டியை எடுக்கப் போவாள், முற்பகலில் வீடு திரும்புவாள், மாலையில் மறுபடி போவாள். அந்த மாலை வண்டியில் ரூஃபஸை ஏற்றினாள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஒருவர் தலைமேல் ஒருவர் ஷூ எறிவார்கள். எந்த நாய்க்கும் அங்கே புத்தி கெட்டுவிடும்.

ரூஃபஸ் நடுவில் படுத்துக்கொண்டது. அதை மிதிக்கக் கூடாதென்று பிள்ளைகள் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். அவள் வண்டி ஓட்டத் தொடங்கிய இத்தனை வருடத்தில் முதல்முறையாக எஞ்சின் சத்தம் கேட்டது.

செய்தி எப்படியோ அறக்கட்டளையின் பயிற்சியாளர் ஜோலீனுக்குப் போய்விட்டது. அன்றே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஸ்கூல் பஸ்லயா பழக்குறீங்க? வளர்க்கிறவங்க யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டாங்க வெர்னா. வசந்தம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? வர்ற சனிக்கிழமையே தேர்வ வச்சிடலாம்."

"ரூஃபஸுக்கு உடம்பு சரியில்ல," என்றாள் வெர்னா.

"என்ன ஆச்சு?"

வெர்னா ரூஃபஸைப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது. "ஒண்ணுமில்ல," என்றாள்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது ட்ரென்டின் கதவு பாதி திறந்தது. அவன் குனிந்து ரூஃபஸின் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். வெகுநேரம் எழவில்லை. வெர்னா மடிக்க ஒரு துணியும் இல்லாமல் நின்றாள்.

"நல்லபடியா செய்டா," என்று நாயிடம் சொன்னான். கதவு மூடிக்கொண்டது.

இவனுக்கும் சேர்த்துத்தானே இவ்வளவும், என்று நினைத்தபோது அவளுக்கு மகன்மீதே கோபம் வந்தது.

தேர்வு ஊரின் ஒரே பெரிய மளிகைக் கடையில் நடந்தது. ஜோலீன் தள்ளுவண்டியை மோதுவதுபோல உருட்டினாள். ரூஃபஸ் ஒதுங்கி வழிவிட்டது. யாரோ ஒரு குழந்தை வாலைப் பிடித்து இழுத்தது. ரூஃபஸ் திரும்பி, வால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டது. இறைச்சிப் பிரிவை நெருங்கியபோது வெர்னாவின் கோட்டுப் பையிலிருந்து, தற்செயலாக, ஒரு பெரிய துண்டு வறுத்த பன்றி இறைச்சி விழுந்தது.

ரூஃபஸ் அதைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. தாண்டி நடந்தது.

"அருமை," என்றாள் ஜோலீன். "இந்தச் சோதனைய நானே யோசிக்கல."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இவன் போற இடம் முடிவாயிடுச்சு. ஒரு ஆளு, மூணு வருஷமா வீட்டவிட்டு வெளியே வரல."

"என் வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான் ஜோலீன்."

"தெரியும். அவரா கேட்டாத்தான் குடுக்க முடியும், வெர்னா. அவரு கேக்கலையே."

ரூஃபஸின் கழுத்துவாரை அவள் கையிலிருந்து ஜோலீன் மெதுவாக வாங்கிக்கொண்டாள். ரூஃபஸ் இரண்டடி நடந்து, நின்று, வெர்னாவுக்காகக் காத்திருந்தது. அவள் வரவில்லை என்று தெரிந்ததும் ஜோலீனோடு போனது. அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அதுதான். கண்ணாடிக் கதவுகள் விலகி, பனியைக் காட்டி, மூடிக்கொண்டன.

வெர்னா குனிந்து இறைச்சித் துண்டைப் பொறுக்கினாள். இனி அந்தக் கதவை யார் இடிப்பார்கள்? வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? சொன்னால் கதவு பதில் சொல்லுமா? அவள் இறைச்சி அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இறைச்சி வெட்டும் லைல் அவளோடு பள்ளியில் படித்தவர். அதிகம் பேசாத மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான், இனிமே சொல்லலாம்னு நெனைக்கிறேன் வெர்னா," என்றார். "நீ பஸ்ஸ எடுத்துட்டுப் போனதும் தினமும் காலையில அந்த நாயோட இங்க நடந்து வந்து, கூட்டத்துல நின்னு, உடம்பெல்லாம் நடுங்க நடுங்க அதுக்கு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தது உன் ட்ரென்ட்தான்."