குதிரையேறிய செருக்கும் பின்லாந்து மாமாவும்

பிரிக்ஸன், மே 12

வெரோனாவில் வாழும், கோபமே வராத டிஸியானோ மாமா அவர்களுக்கு,

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தங்கள் மருமகன் விகில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குதிரையேறினான்; பத்தேகாலுக்கு இறங்கினான். ஏறுவதற்கு முக்காலி போட்டார்கள். இறங்குவதற்கு எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவும் அப்பாவும் நலம். நானும் நலம், உட்காராத வரை.

விஷயம் இதுதான். செருக்கைப் பற்றி ஐரோப்பிய மொழிகளில் இருக்கிற பழமொழிகளைக் கொண்டுவரச் சொன்னார் நோட்புர்கா டீச்சர். சிறந்ததைக் கொண்டுவருகிறவர் வசந்த ஊர்வலத்தில் ஃப்ளோரா என்ற குதிரைமேல் பள்ளிக் கொடியைப் பிடித்துக்கொண்டு போகலாம். இரண்டு வருடமாக என் வகுப்பு எகோன்தான் போகிறான். கொடியைப் பிடித்ததும் அவன் தாடை தானாக மேலே ஏறிவிடும், பார்க்கச் சகிக்காது. வீட்டில் கேட்டேன். அப்பா தன் ஜெர்மனில், 'செருக்கு வரும், பின்னாலேயே வீழ்ச்சி வரும்' என்று சொல்லிவிட்டு, இதற்குமேல் என்ன இருக்கிறது என்பதுபோல் சூப்பைக் குடித்தார். அம்மா விடுவாளா? உங்கள் அக்கா ஆயிற்றே.

"உங்களுதுல விழுறவன் எதுலேர்ந்து விழுறான்னே தெரியலையே. எங்க இத்தாலியன்ல பாருங்க: செருக்கு குதிரையேறிப் போச்சு, நடந்து திரும்பிச்சு. குதிரையே குடுக்கிறோம்."

சூப் ஆறிப்போனது, அவர்கள் ஆறவில்லை. மறுநாள் எகோன் பிரெஞ்சுக் குரங்கோடு வந்தான். 'குரங்கு மேலே ஏற ஏற, பின்பக்கம்தான் ஊருக்குத் தெரியும்.' வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும்தான், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. கொடி போச்சே என்ற பதற்றத்தில் நான் எழுந்து, பின்லாந்துப் பழமொழி ஒன்று என்று ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ஊரில் அந்த மொழி தெரிந்த ஆளே கிடையாது, அதுதான் தைரியம். 'மூக்கை நிமிர்த்தி நடப்பவன் மூக்கில்தான் முதல் மழை.' டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வடக்கே இருப்பவர்களின் ஆழமே தனி என்றார். யார் சொல்லித்தந்தது என்று கேட்டார். ஏழு வருடம் பின்லாந்தில் இருந்த என் மாமா என்றேன். உங்களைத்தான்.

அதைத் துணியில் எழுதி ஊர்வலத்தில் தூக்கினார்கள். முன்னே பேண்டு வாத்தியம், அதன் பின்னே ஃப்ளோரா மேல் நான். தங்கும் விடுதியில் புதிதாகச் சேர்ந்த சமையல்காரி கைசா, தட்டில் ஆப்பிள் கேக்கோடு ஓரமாக நின்று துணியைப் படித்தார்.

"எந்த நாட்டுப் பழமொழி தம்பி இது?"

"பின்லாந்து," என்றேன், மூக்கை நிமிர்த்தி.

"நான் அங்கதான் பொறந்தேன். பாதி வருஷம் பனி, மூக்கை வெளியவே காட்டமாட்டோம். நாங்க சொல்றது வேற. ஒசந்த மரத்துக்கு எக்கினவன் முள்ளுப்புதர்ல விழுவான்."

அந்த நொடியில் ஃப்ளோரா மின்னலாய்ப் பாய்ந்தது. வேறொருவனாக இருந்தால் கதறியிருப்பான். நான் கடிவாளத்தை விடாமல் கடைசிவரை போராடிவிட்டு, கசாப்புக்கடை உல்ரிக் வாசிக்கும் பெரிய முரசுக்குள் உட்கார்ந்தேன். செருக்குக்கும் சறுக்குக்கும் சொல்லிலாவது கொஞ்சம் தூரம் உண்டு, குதிரைமேல் அதுவும் இல்லை.

நடந்து வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சண்டை. விழுந்ததால் ஜெர்மன் ஜெயித்தது என்கிறார் அப்பா. நடந்து வந்ததால் இத்தாலியன் என்கிறாள் அம்மா. கால்சட்டை கிழிந்த இடத்தை ஊரே பார்த்ததால் பிரெஞ்சுதான் என்று தெருவிலிருந்து கத்துகிறான் எகோன். ஒரே விழுகையில் மூன்று மொழிகளை வாழவைத்தவன் இந்த ஐரோப்பாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கைசா சிரித்தாரே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் டீச்சர் காதில் பாதி விழுந்திருக்கிறது. உங்களுக்குக் கடிதம் போடப்போகிறார். ஏழு வருடம், மாமா. ஆறு என்று எழுதிவிடாதீர்கள். அப்போதுதான் அடுத்த வருடமும் கொடி எனக்கு.

அத்தைக்கு வணக்கம், நாய்க்கு முத்தம். மாற்றிக் கொடுத்துவிட வேண்டாம்.

தங்கள் ஆசியையும் ஒரு தலையணையையும் வேண்டும் மருமகன்,
விகில்

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டாள். பக்கத்திலேயே நின்று உண்மையை எழுதச் சொல்கிறாள். ஃப்ளோரா பாயவில்லை. ஊர்வலமே நின்றுகொண்டிருந்தது. அது கேக்கை முகரத் தலையைத் தாழ்த்தியது, நான் அதன் கழுத்து வழியாக வழுக்கிக்கொண்டு போய், உல்ரிக் இளைப்பாற இறக்கி வைத்திருந்த முரசில் விழுந்தேன். டீச்சரிடமும் இப்போதுதான் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். கொடி எகோன் வீட்டுக்குப் போய்விட்டது. ஆகவே, மாமா, இனி நீங்கள் பின்லாந்தில் இருந்திருக்க வேண்டியதில்லை.