கீழேயிருந்து படிக்கச் சொன்ன எம்.எல்.ஏ.

எங்கள் ஓசூர்ப் பக்கத்து எம்.எல்.ஏ.வைப் போல விழாக்களுக்குப் போனவரும் இந்த ராஜ்யத்தில் கிடையாது; விழா நடத்துகிறவர்களை அவரைப் போலத் திணற அடித்தவரும் கிடையாது. 'கீழேயிருந்து' என்று சொன்னால் பாகலூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை எந்தச் சந்தையிலும் ஆள் தெரியும். அது ஊர் அவருக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சட்டசபை ரிஜிஸ்தரில் பத்திரமாக இருக்கிறது. வேறு எங்கும் அதற்கு வேலை வந்ததாகத் தெரியவில்லை.

அவரிடம் நான் இரண்டு வருஷம் ரைட்டராக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு போய்ச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஆகவே எம்.எல்.ஏ.விடம் வேலை என்றதும், பையன் சட்டம் எழுதப் போகிறான் என்றே எங்கள் அப்பா ராகிக் களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் என் வேலை படித்துக் காட்டுவது. எம்.எல்.ஏ. வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம், மேடையில் தமிழ். மூன்றிலும் தடையில்லாமல் சண்டை போடுவார். ஆனால் எழுத்து என்று பார்த்தால் தெலுங்கு மட்டும்தான். தமிழ்க் காகிதம் எது வந்தாலும், "படிப்பா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார்.

வரவேற்புப் பத்திரம் வாசிக்காத விழா எங்கள் பக்கத்தில் விழாவே இல்லை. கிணறு திறந்தாலும் சரி, கிளை நூலகம் திறந்தாலும் சரி, ரோஜா நிறக் காகிதத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, ஊர் வாத்தியார் நின்று வாசிப்பார். மேல் பாதி முழுவதும் புகழ்ச்சி: கருணைக் கடலே, ஏழைகளின் காமதேனுவே, எங்கள் குலவிளக்கே. கீழ்ப் பாதியில், ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்கிற மாதிரி, ஊருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி. வாத்தியார் முடித்ததும் அதையே ஒருவர் தெலுங்கில் சொல்வார், இன்னொருவர் கன்னடத்தில் சொல்வார். ஊருக்கு வேண்டியது வாய்க்கு வருவதற்குள் மனிதர் மூன்று தடவை கடலாகி, மூன்று தடவை காமதேனுவாகி, சோடா கேட்கிற நிலைக்கு வந்துவிடுவார்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு நூலகத் திறப்பு விழா. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கருணைக் கடலே" என்று ஆரம்பித்தார். எம்.எல்.ஏ. கையைத் தூக்கினார்.

"வாத்தியாரே, கீழேயிருந்து படிங்க."

வாத்தியார் நல்ல மனிதர். சொன்னபடி செய்தார். காகிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்து, கிருஷ்ணகிரி அச்சாபீசின் பெயரையும் விலாசத்தையும் உரக்க வாசித்தார்.

"அச்சாபீசுக்கு என்னா வேணுமாம்?" என்றார் எம்.எல்.ஏ.

"அவங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க. ஊருக்குத்தான் ஒரு அலமாரி."

"அதைப் படிங்க. கடலையும் காமதேனுவையும் நான் வீட்டுக்குப் போயி படிச்சுக்கறேன்."

வீட்டுக்குப் போய் அவர் படித்ததே இல்லை. நான் படிக்கட்டுமா என்று ஒரு நாள் கேட்டதற்கு, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். மொத்தத்தில் எனக்கு வேறு வேலை இல்லைதான்.

எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் கடைசிவரை உட்கார்ந்திருப்பது அவருடைய இன்னொரு குணம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெண் குழந்தைகள் கோலாட்டம் ஆடும்போது பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நழுவுவார்கள். இவர் அசைய மாட்டார். கேட்டால், "கோலை ஓங்கியிருக்கறப்போ நாம எழுந்து போனா, அந்தப் புள்ள அந்தக் கோலை எங்கப்பா கொண்டு போய் அடிக்கும்?" என்பார். திரும்பி வரும்போது காரில் சாய்ந்துகொண்டு விழாக்களைப் பற்றி யோசனை செய்வார். அந்தக் கார் பாஷா பாய் என்ற தோல் வியாபாரியுடையது. ஓட்டுவதும் பாய்தான்.

"விழாவுலே மூணு பேருக்குத்தாம்ப்பா வேலை. பந்தல் போட்டவன், மைக்கு செட்டுக்காரன், சோடாக் கடைக்காரன். மத்தவங்க சும்மா உக்காந்திருக்கறோம். நானும் சும்மாதான்."

"நாலு பேருங்க," என்பார் பாய். "வண்டி தள்ளுறவங்களை வுட்டுட்டீங்களே." அந்தக் காரில் ஏறியவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனனைப் படுகளத்தில் வீழ்த்துகிற நாள். பட்டப்பகல் வெயில். எம்.எல்.ஏ.வுக்கு முன்வரிசையில் நாற்காலி. பீமன் அடித்த அடியில் துரியோதன வேஷக்காரர் சரியாக இவர் காலடியில் வந்து விழுந்தார். விழுந்தவர் உயிர் போகிற சமயத்தில், ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அண்ணா, எங்க ஊருக்கு ஞாயித்துக்கிழமை பஸ்ஸு வர்றதில்லீங்க" என்றார்.

எம்.எல்.ஏ. குனிந்தார். "எந்த ஊரு?"

செத்தவர் ஊரைச் சொன்னார். "எழுதிக்கோப்பா," என்றார் எம்.எல்.ஏ. என்னிடம். நான் பிணத்துக்குப் பக்கத்தில் குந்தி எழுதிக்கொண்டேன். கூந்தலை முடிப்பதற்காகக் காத்து நின்ற திரௌபதி மீசை மேல் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே சனிக்கிழமை மத்தியானமும் சேத்துக்குங்க" என்றாள்.

அந்த ஊருக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமையும் பஸ் போகிறது.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. காளேபுரம் வந்தது.

காளேபுரம் பாகலூரைத் தாண்டி, எல்லையை ஒட்டிய சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுத் திறப்பு விழா. ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க மைசூர் ராஜ்யத்துக்குள் நடந்து போய்க் கன்னடத்தில் ஆரம்பிக்க வேண்டும், அல்லது ஓசூரில் தங்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கு இரண்டும் இல்லை. பின்னால் நான் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் லட்சுமக்கா என்று ஒரு அம்மாள். புருஷன் இல்லை, ஒரு எருமை, ஒரு பெண். பெண் கெம்பம்மா அந்த வருஷம் ஐந்தாவது. அம்மாளின் அண்ணன், "படிச்சது போதும். ஆடு மேய்க்க அனுப்பு, ரெண்டு வருஷத்துலே கட்டிக் குடுத்துடலாம்" என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் வரை பொறு என்று லட்சுமக்கா தவணை வாங்கி வைத்திருந்தாள். எம்.எல்.ஏ. வருகிறார், ஆறாம் வகுப்பைக் கேட்டுப் பத்திரம் வாசிக்கப் போகிறார்கள் என்பதுதான் அவளுடைய தைரியம்.

வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துக் கிருஷ்ணகிரி அச்சாபீசுக்கு அனுப்பியிருந்தார்கள். அச்சாபீசில் ஒரு வழக்கம். புகழ்ச்சிப் பாதியை அச்செழுத்தில் வருஷக்கணக்கில் கோத்தபடியே வைத்திருப்பார்கள். எல்லா ஊருக்கும் அதே கடல், அதே காமதேனு. மேலே ஊர்ப் பெயரையும் கீழே தேவையையும் மட்டும் மாற்றுவார்கள். நாலு நாள் முன்னால் மல்லேபாளையத்துக்கு அடித்திருந்தார்கள். அந்த ஊர் கேட்டது மாட்டு ஆஸ்பத்திரி. இந்தத் தடவை ஊர்ப் பெயரை மாற்றினார்கள். தேவையை மாற்ற மறந்துவிட்டார்கள்.

"கீழேயிருந்து படிங்க," என்றார் எம்.எல்.ஏ.

வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "எமது கால்நடைச் செல்வங்களின் பிணி தீர்க்க ஒரு மருத்துவமனை அருள வேண்டுகிறோம்" என்று கணீரென்று வாசித்தார். அவருக்கும் திக்கென்றுதான் இருந்ததாம். ஆனால் கண்ணாடிக்குள் இருப்பதை மாற்றிப் படிக்கலாமா? ஊர்ப் பெரியவர்கள் மனசு மாறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர்களோ, வாத்தியார் படித்தவர், எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார் என்று நினைத்தார்கள். 'கீழேயிருந்து' வந்த ஊர்களில் மொழிபெயர்ப்புக்கும் நேரம் கொடுப்பதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். லட்சுமக்கா எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினாள். நான் நோட்டுப் புத்தகத்தில், 'காளேபுரம்: மாட்டு ஆஸ்பத்திரி' என்று எழுதினேன். நாலு நாள் முன்னால் இதே வார்த்தைகளை மல்லேபாளையத்தில் கேட்டது ஞாபகம் வரத்தான் செய்தது. எல்லாப் பத்திரத்திலும் எல்லா வார்த்தையும் ஏற்கெனவே கேட்டவைதானே என்று விட்டுவிட்டேன்.

மனிதர் பட்டணத்துக்கு எத்தனை தடவை அலைந்தார் என்று எனக்குத்தான் தெரியும். அதிகாரியின் அறை வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்து, கொண்டுபோன ராகி உருண்டையை அங்கேயே தின்றார். கடைசியில் உத்தரவு வந்தது. இரண்டு ஊருக்கு இல்லை, ஒரு ஊருக்குத்தான் என்றார்கள். எல்லை ஊர், கேட்பாரில்லாத ஊர் என்று காளேபுரத்துக்கே வாங்கினார்.

சொல்வதற்கு நாங்களே போனோம். ஆலமரத்தடியில் ஊர் கூடியது. உத்தரவை நான் தமிழில் படித்தேன். எம்.எல்.ஏ. தெலுங்கிலும் கன்னடத்திலும் சொன்னார். செவ்வாய், வெள்ளி டாக்டர் வருவார். ஊர் இரண்டு அறைக் கட்டடம் மட்டும் கட்டித் தர வேண்டும்.

ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லட்சுமக்காதான் எழுந்தாள்.

"சாமி, எங்க ஊரு மாடெல்லாம் நல்லாத்தான் இருக்குது. புள்ளைங்கதான் அஞ்சாவதோட நிக்குது."

"நீங்கதானேம்மா மாட்டு ஆஸ்பத்திரி கேட்டீங்க?"

"நாங்க எங்க சாமி கேட்டோம்? ஆறாவது கேட்டோம். நானே கை தட்டினேனே."

பத்திரத்தின் இன்னொரு பிரதி பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்தது; அதைக் கழற்றி வரச் சொன்னார். "படிப்பா," என்றார். நான் வழக்கம்போலக் கீழே விரலை வைத்தேன். "முழுசா," என்றார். கடலிலிருந்து கால்நடை வரை படித்தேன். அவர் கண்ணை மூடவில்லை, லட்சுமக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சாபீசு மேலே தப்பு சொல்லக் கூடாது," என்றார் நான் நிறுத்தியதும். "காயிதத்தோட அடியைக் கேட்டேன். எதிரே உக்காந்திருந்தவங்களைக் கேக்கலே. ஒரு வார்த்தை, 'ஏம்மா, இதுதானா?'ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்." தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "நீ சும்மா இருப்பா. நோட்டு உன்னுது, காது என்னுது."

அப்புறம் லட்சுமக்கா, பெண்ணைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் சொன்னாள். முழுசும் கேட்டுக்கொண்டார். "உங்க அண்ணன் எதுவரைக்கும் பொறுப்பாரு?"

"ஜூன் வரைக்கும் சாமி. அதுக்கு மேலே ஒரு நாள் பொறுக்க மாட்டான்."

ஜூனுக்கு மூன்று மாதம் இருந்தது. ஜில்லா போர்டு கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, முடியாது என்றார். ஆறாம் வகுப்புக்குத் தனி அறை வேண்டும், இருபது குழந்தைகள் வேண்டும்.

"அறை இருக்குதுங்க," என்றார் எம்.எல்.ஏ.

"எங்கே?"

"மாட்டு ஆஸ்பத்திரியிலே. ரெண்டு அறை கட்டச் சொல்லியிருக்காங்க. மருந்துக்கு ஒண்ணு போதும்."

"மாட்டு ஆஸ்பத்திரியில் ஆறாம் வகுப்பா?"

"ஏனுங்க, ஆட்சேபணை டாக்டருக்கா, மாட்டுக்கா?"

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்த அதிகாரி பாதி கையெழுத்துப் போட்டவர் மாதிரி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மீதிப் பாதிக்கு இருபது குழந்தைகள் வேண்டும். எண்ணிப் பார்த்ததில் பதினேழு. லட்சுமக்கா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கன்னடப் பாடம் புரியாமல் உட்கார்ந்திருந்த மூன்று குழந்தைகளை, அவர்களுடைய பெற்றோரோடு பேசி அழைத்து வந்தாள். "மைசூர் ராஜ்யத்துலேர்ந்து ஆள் கடத்தல்," என்றார் பாய். கட்டடத்துக்கு ஊரே மண் சுமந்தது. மாட்டுக்கென்று சுமக்காதவர்கள்கூட ஆறாவதுக்கென்று சுமந்தார்கள். உத்தரவு ஜூன் பிறந்த பிறகு, பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. ஜூன் பிறந்ததிலிருந்து உத்தரவு வருகிற வரை லட்சுமக்காவின் அண்ணன் தினமும் அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாராம், ஆட்டுக் கோலோடு.

திறப்பு விழா வேண்டாம் என்று எம்.எல்.ஏ. சொல்லிவிட்டார். பந்தல் இல்லை, மைக் இல்லை, பத்திரம் இல்லை. ஆனாலும் போனோம். வகுப்பு ஆரம்பித்த நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டது. டாக்டர் வருகிற நாள். ஒரு வாசலில் குழந்தைகள், இன்னொரு வாசலில் மாடுகள். தடுப்பு ஊசிக்கு லட்சுமக்காவும் எருமையோடு வரிசையில் நின்றாள். கழுத்தை எட்டி எட்டி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாத்தியார் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

எம்.எல்.ஏ. போய் அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"போயி பாத்துட்டு வாம்மா. முழுசும் பாத்துட்டு வா."

"எருமை முட்டும் சாமி."

"முட்டட்டும். ஆஸ்பத்திரி இங்கேதானே இருக்குது."

அவள் ஓடினாள். வாத்தியார், "கெம்பம்மா" என்றார். ஒரு சின்னக் குரல், "உள்ளேன் ஐயா" என்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற லட்சுமக்கா திரும்பவே இல்லை. வரிசை நகர்ந்தது. எருமை நகர்ந்தது. வெள்ளைக் கதர்ச் சட்டையில் சாணம் தெறிக்க அவரும் ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். நான் போய்க் கயிற்றுக்குக் கையை நீட்டினேன்; வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். ஊசி போட வந்த டாக்டர், "மாடு யாருடையது?" என்றார். "எங்க ஊருது," என்றார் எம்.எல்.ஏ.

இப்போது எனக்குச் சேலத்தில் உத்தியோகம். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்ததும் எங்கள் ஆபீசில் ஊரில் உள்ள எம்.எல்.ஏ.க்களை எல்லாம் ஒரு பிடி பிடிப்பார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது, நான் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன். பேச்சு முடிந்த பிறகுதான் வருகிறேன்.